செல் சுவாசம்: ஆக்சிஜனை எந்த இடத்தில் வைப்பது?

"சாப்பாடு உடம்புக்குள் எரிந்து சக்தியாகிறது" என்று சின்ன வகுப்பிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. உணவிலிருந்து செல் சக்தியை எடுக்கும் செல் சுவாசம் பற்றிய பாதித் தவறுகள் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகின்றன. விறகு எரியும்போது ஆக்சிஜன் நேராகக் கார்பனைப் பற்றிக்கொள்கிறது. செல்லுக்குள் நடக்கும் இந்த வேலையில் ஆக்சிஜன் குளுக்கோஸைத் தொடுவதே இல்லை. எல்லாம் முடிந்து கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் அது நிற்கிறது. அதை அந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டால் மற்ற குழப்பங்களில் பல தானாகவே தீரும்.

முதல் தவறு, மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனே கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்பது. பாடப்புத்தகச் சமன்பாடு இதற்குத் துணைபோகிறது: ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து ஆறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு நீரும். கணக்கு சமன்தான், ஆனால் அணுக்கள் போகும் வழியை அது மறைத்துவிடுகிறது. இடப்பக்கம் ஆறு நீரைச் சேர்த்து, வலப்பக்கம் பன்னிரண்டு நீர் என்று எழுதிப் பாருங்கள். ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளில் உள்ள 12 அணுக்களும் அந்தப் பன்னிரண்டு நீருக்குள் போய்விடுகின்றன. கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் 12 ஆக்சிஜன் அணுக்களில் ஆறு குளுக்கோஸிலிருந்து வந்தவை, மீதி ஆறு வழியில் சேர்க்கப்பட்ட நீரிலிருந்து வந்தவை. மூச்சில் இழுத்த ஆக்சிஜன் முழுவதும் நீராகிறது.

எது எங்கே நடக்கிறது என்பதில் அடுத்த சறுக்கல். "செல் சுவாசம் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது" என்று ஒரே வரியில் எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம். முதல் கட்டமான கிளைக்காலிசிஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ் பத்துப் படிகளில் மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டாம். செல்லின் வேலைகளுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி (ATP) 2 செலவாகி 4 உருவாகிறது, நிகர வரவு 2. "கிளைக்காலிசிஸில் 4 ஏடிபி" என்று மட்டும் எழுதுவது செலவைச் சொல்லாமல் வரவை மட்டும் சொல்வது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியான மேட்ரிக்ஸுக்குள் நுழைந்து, ஒரு கார்பனை இழந்து அசிட்டைல் கோஏ ஆகிறது. அதைப் படிப்படியாகப் பிரித்து எலக்ட்ரான்களை எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியும் அங்கேயே. ஒரு குளுக்கோஸுக்குச் சுழற்சி இரண்டு முறை ஓட வேண்டும். இதை மறந்து ஒரு சுற்றின் கணக்கோடு நிறுத்திவிடுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி தென்படும் பிழை. கடைசிக் கட்டமான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்.

1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய அந்தச் சுழற்சியின் எந்தப் படியிலும் ஆக்சிஜன் பங்கேற்பதில்லை. அப்படியானால் ஆக்சிஜன் தீர்ந்தால் ஏன் அதுவும் நிற்கிறது? சுழற்சி ஓட என்.ஏ.டி. என்ற எலக்ட்ரான் சுமப்பான் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். அதன் சுமையை வாங்கிக்கொள்வது கடத்துச் சங்கிலி, சங்கிலியின் முனையில் எலக்ட்ரானை வாங்குவது ஆக்சிஜன். கடைசி ஆள் இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் தேங்கிவிடும். "ஆக்சிஜனைப் பயன்படுத்துவதில்லை, ஆனால் அதை நம்பியிருக்கிறது" என்று எழுதினால் பதில் சரி.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர்களைக் கேளுங்கள். மழை தவறிய காலத்தில் வாடி நிற்கும், பூக்காத இளம் சோளப்பயிரை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழும். அந்தப் பயிரிலிருந்து வெளிப்படும் சயனைடு, சங்கிலியின் நான்காவது கூட்டமைப்பில், அதாவது ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் இடத்திலேயே, போய் அடைத்துக்கொள்கிறது. மாட்டின் நுரையீரலுக்குக் காற்று போகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது, செல்லால் அதைத் தொட முடியவில்லை. அதனால்தான் சிரை இரத்தம்கூட கருக்காமல் செக்கச்செவேல் என்று இருக்கும். வயிறு உப்புசம் என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் உடனே கொடுக்கப்பட வேண்டும். கசப்பு வகை மரவள்ளியிலும் இதே ஆபத்து இருக்கிறது. தோலை நன்றாக உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

ஏடிபி எத்தனை: 38ஆ, 36ஆ, 32ஆ?

மூன்றும் புத்தகங்களில் இருக்கின்றன, அதனால் சண்டையும் ஓயவில்லை. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு குளுக்கோஸிலிருந்து நேரடியாகக் கிடைப்பவை 4 (கிளைக்காலிசிஸில் 2, கிரெப்ஸில் 2). சுமப்பான்கள்: எலக்ட்ரானைச் சுமந்த என்.ஏ.டி.யான என்.ஏ.டி.எச். 10, அதேபோன்ற இன்னொரு சுமப்பானான எஃப்.ஏ.டி.எச்.2 இரண்டு. பழைய கணக்கில் என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 3 ஏடிபி, மற்றதற்கு 2. ஆக 30 + 4 + 4 = 38.

பிரச்சினை அந்த 3இலும் 2இலும்தான். கடத்துச் சங்கிலி நேரடியாக ஏடிபி செய்வதில்லை. எலக்ட்ரான்கள் கடக்கும்போது புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாக உள்ளே திரும்பும்போதுதான் ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. என்.ஏ.டி.எச். ஒன்று 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது, எஃப்.ஏ.டி.எச்.2 ஒன்று 6. ஒரு ஏடிபியைச் செய்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்பச் சுமார் 4 புரோட்டான்கள் தேவை. எனவே 2.5, 1.5. இப்போது 25 + 3 + 4 = 32. கிளைக்காலிசிஸில் உருவான இரண்டு என்.ஏ.டி.எச். சைட்டோபிளாசத்தில் இருப்பவை, அவற்றின் எலக்ட்ரான்கள் உள்ளே போக வழி வேண்டும். இதயம், கல்லீரல் போன்றவற்றில் உள்ள வழியில் நட்டமில்லை. சில திசுக்களில் உள்ள இன்னொரு வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏடிபி குறையும், மொத்தம் 30 (பழைய கணக்கில் 38 இப்படித்தான் 36 ஆகிறது). தேர்வில் உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் எண்ணை எழுதுங்கள், எந்த மதிப்பை எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர், கேள்வியில் அசிட்டைல் கோஏவிலிருந்து கணக்கிடச் சொன்னால் திணறுவார். (விடை: 10.)

ஏடிபியைச் சேமிப்பு என்று எழுதுவதும் தவறு. வங்கியில் போட்ட பணம் கொழுப்பும் கிளைக்கோஜனும். ஏடிபி கையில் புரளும் சில்லறை. உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்த ஏடிபி 100 கிராம்கூடத் தேறாது. ஆனால் ஒரு நாளில் செலவாகி மறுபடி உருவாகும் ஏடிபியைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுக்கு வரும். தசையில் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடி ஓட்டத்துக்குத்தான் போதும்.

கூடவே இன்னொன்று: "ஏடிபியின் பிணைப்பு உடையும்போது சக்தி வெளிப்படுகிறது." எந்தப் பிணைப்பை உடைக்கவும் சக்தி செலவாகத்தான் செய்யும். ஏடிபி நீரோடு வினைபுரியும்போது உருவாகுபவை, அதைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டும் (ADP) தனிப் பாஸ்பேட்டும். அவை முன்பிருந்த நிலையைவிட நிலைப்பாடு மிக்கவை, அந்த வேறுபாடுதான் சக்தியாகக் கிடைக்கிறது.

லாக்டிக் அமிலத்தின் மேல் சுமத்தப்படும் பழி

முதல் நாள் உடற்பயிற்சிக்கூடம் போனவர் மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் முனகும்போது, "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று பயிற்சியாளர் சொல்வார். கடும் பயிற்சியில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் வலிக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்காயங்களும் அவை ஆறும்போது வரும் அழற்சியும். லாக்டேட் கழிவும் அல்ல. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது, இதயத்தசை அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது.

லாக்டேட் உண்டாவதால் கூடுதல் ஏடிபி கிடைக்கிறது என்று நினைப்பதும் பிழை. பைருவேட் லாக்டேட்டாக மாறும் படியில் ஏடிபி எதுவும் வராது. என்.ஏ.டி.யை வெறுங்கையாக்கி கிளைக்காலிசிஸுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும்தான் இது நடக்கும் என்றும் இல்லை. இரத்தச் சிவப்பணுவைப் பாருங்கள்: உடம்பெல்லாம் ஆக்சிஜனைச் சுமந்து திரிகிறது, ஆனால் அதற்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. தன் பிழைப்புக்கு முழுக்கக் கிளைக்காலிசிஸையே நம்பி, நாள் முழுக்க லாக்டேட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

நொதித்தல் என்றாலே கார்பன் டை ஆக்சைடு வரும் என்று எழுதுபவர்கள் தயிரை நினைத்துக்கொள்ளலாம். லாக்டிக் நொதித்தலில் வாயு வராது, தயிர் பொங்குவதில்லை. இட்லி மாவு பொங்குவது, அதில் வளரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துத் தரும் வகை என்பதால்.

குளுக்கோஸ் பாட்டிலும் பி1உம்

"உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லியில் ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். நீர் வற்றியவருக்குத் தெம்பு வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்.

சிலருக்கு அது ஆபத்தும்கூட. பைருவேட்டை அசிட்டைல் கோஏ ஆக்கும் நொதிக்குத் தயமின் எனும் வைட்டமின் பி1 கட்டாயம் வேண்டும். கிரெப்ஸ் சுழற்சியின் ஒரு படிக்கும் அது வேண்டும். உடம்பில் அதன் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர், பல நாள் பட்டினி கிடந்தவர், தொடர் வாந்தியால் வாடிய கர்ப்பிணி ஆகியோருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்ச பி1உம் செலவாகி, மூளை பாதிக்கப்படும் வெர்னிக்கி நோய் வரலாம். தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு, மனக்குழப்பம் அதன் அடையாளங்கள். அதனால்தான் மருத்துவர்கள் பி1 ஊசியை முதலில் அல்லது கூடவே போடுகிறார்கள். வீட்டிலும் இதே பாடம் உண்டு: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் பச்சரிசியைவிட அது அதிகம் தங்குகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் கொஞ்சம் அதோடு போய்விடும்.

ஆக்சிஜனைக் கூட்டினால் சக்தி கூடுமா?

ஆரோக்கியமானவர் சும்மா இருக்கும்போதே இரத்தத்தின் ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கும். நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆக்சிஜன் திசுக்களுக்குப் போகிறது, கால் பங்குதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மீதி அப்படியே திரும்பி வருகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது தேவை: ஏடிபி செலவானால்தான் அடுத்தது உருவாகும். ஆழ்ந்து மூச்சிழுப்பதால் மனம் அமைதியாகலாம், செல்லில் ஏடிபி கூடாது. நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

எடை குறைப்பவர்கள் வியர்வையை நம்புவதும் இதே ரகம். கொழுப்பு 10 கிலோ குறைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோதான் நீராகப் போகிறது. வியர்வையில் குறைந்த எடை ஒரு செம்புத் தண்ணீரில் திரும்பிவிடும்.

உண்மையிலேயே உயிரைக் குடிக்கும் தவறு, டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் மாத்திரை. புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் வழியாக வராமல் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே வர அது வழிசெய்துவிடுகிறது. கொழுப்பு கரைகிறது, ஏடிபி வராமல் எல்லாம் வெப்பமாகிறது. பச்சைக் குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பு இதே வேலையை ஒரு புரதத்தைக் கொண்டு கட்டுப்பாட்டோடு செய்து உடம்பைச் சூடாக வைக்கிறது. மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1930களில் அமெரிக்காவில் எடை குறைக்க விற்கப்பட்டு, கண்புரையும் மரணங்களும் வந்து, 1938இல் தடுக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் ரகசியமாகக் கிடைக்கிறது. பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, முறிவு மருந்து கிடையாது. வெப்பம் மூளையின் கட்டளையால் ஏறுவதில்லை, ஒவ்வொரு செல்லிலும் பிறக்கிறது, ஆகவே பாராசிட்டமால் அதைக் குறைக்காது. விழுங்கியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், போகும் வழியெல்லாம் உடம்பைக் குளிர வைப்பதும்தான் செய்யக்கூடியவை.