தோட்டக் கிணற்று மோட்டர் திணறும்போது மின்தடங்கலைக் கணக்கிடும் முறை

விசுவமடு, முழங்காவில் போன்ற வன்னிக் கிராமங்களில் தோட்டக் கிணறு வீட்டிலிருந்து தள்ளி இருப்பது வழமை. அங்கு இறைப்பு மோட்டரைப் போட்டவுடன் விளக்கு மங்கினாலோ, மோட்டர் சுழலாமல் உறுமினாலோ, ‘கரண்ட் காணாது’ என்று தெருக் கம்பியைக் குறை சொல்வார்கள். குறை தெருவில் இருக்கிறதா, நாம் இழுத்த வயரில் இருக்கிறதா என்பதை இம்பீடன்ஸ் எனப்படும் தடங்கலைக் கணக்கிட்டால்தான் அறிய முடியும்.

ஆடலோட்டத்துக்கு (ஏசி மின்னுக்கு) அதன் பாதை முழுவதும் காட்டும் எதிர்ப்பே தடங்கல். அது ஓமில் அளக்கப்படும். கம்பியின் தடை அதில் ஒரு பகுதி; ஓட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் அதைச் சுற்றி எழும் காந்தப்புலம் தரும் ரியாக்டன்ஸ் மற்றைய பகுதி. இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலச் சேர்வதால், தடை 3 ஓமும் ரியாக்டன்ஸ் 4 ஓமும் ஆயின் தடங்கல் 7 அன்று, 5 ஓம் ஆகும். உயரழுத்தக் கம்பிகளில் ரியாக்டன்ஸ் மேலோங்கும். வீட்டு வயரில் அது மிகச் சிறிது என்பதால் தடையை மட்டும் கூட்டினாலே போதும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 4 வீதத் தடங்கலுள்ள 160 கேவிஏ (160,000 வோல்ற்-அம்பியர்) ட்ரான்ஸ்போமர், 400 வோல்ற் பக்கத்தில் 0.04 ஓம் தரும்: 400இன் வர்க்கத்தை 160,000ஆல் வகுக்க 1 ஓம், அதில் 4 வீதம். அங்கிருந்து 500 மீற்றர் தூரத்துக்கு 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி போகவர ஏறக்குறைய 0.44 ஓம். ஆகவே மின்மானி வரை 0.48 ஓம்தான். அங்கிருந்து கிணற்றுக்கு 100 மீற்றர் தூரம், 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை இழுத்தால், அது மட்டும் போகவர 2.42 ஓம் ஆகிவிடும். அரைக் கிலோமீற்றர் தெருக் கம்பியைவிட நமது நூறு மீற்றர் வயர் ஐந்து மடங்கு தடுக்கிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியரும், தொடங்கும் கணத்தில் 30 அம்பியர் அளவும் இழுக்கலாம். மொத்தத் தடங்கல் 2.9 ஓம் ஆகையால் தொடக்கத்தில் மின்னழுத்தம் (வோல்ற்றேஜ்) 30 × 2.9 = 87 வோல்ற் அளவால் குறையும். அழுத்தம் குறையக் குறைய ஓட்டமும் குறைவதாலும் வயரின் தடங்கலும் மோட்டரின் தடங்கலும் முன்சொன்ன முக்கோணம்போலக் கோணத்தில் சேர்வதாலும் உண்மை வீழ்ச்சி இதைவிடச் சிறியது. ஆனாலும் மோட்டரின் திருப்புவிசை அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும்; அழுத்தம் பத்தில் எட்டுப் பங்கானால் திருப்புவிசை ஏறக்குறைய பத்தில் ஆறு பங்காகச் சுருங்கிவிடும். மோட்டர் உறுமுவது இதனால்தான். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் 2.42 ஓம் 0.92 ஓமாக இறங்கியிருக்கும்.

இதை அளந்தும் பார்க்கலாம். கிணற்றடிப் பிளக்கில் சுமையின்றி வோல்ற் அளவை எடுத்து, பின்னர் மின்கேத்தலைப் போட்டு மீண்டும் அளவெடுங்கள். 229 வோல்ற் 217 ஆக இறங்கி, கேத்தல் 8 அம்பியர் இழுத்தால், 12ஐ 8ஆல் வகுக்க 1.5 ஓம் வரும். அயலவர் சுமையால் அழுத்தம் இடையில் ஆடக்கூடும் என்பதால் பலமுறை அளப்பது நல்லது. மின்மானிக்கு அருகிலுள்ள பிளக்கிலும் இதையே செய்து கழித்தால், மீதி உங்கள் வயருக்குரியது. பெட்டியைத் திறந்து உள்ளே அளக்கும் வேலையைப் பயின்ற மின்தொழிலாளரிடமே விடுங்கள்.

பாதுகாப்பும் இந்த எண்ணையே சார்ந்தது என்பதால், மோட்டர் ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. 2.9 ஓம் பாதையின் முடிவில் இரு வயர்களும் ஒட்டினால், 230 வோல்ற்றில் ஓட்டம் 79 அம்பியர்தான். சி வகை 16 அம்பியர் பிரேக்கர் உடனடியாக விழ 160 அம்பியர் வரை வேண்டும், ஆகவே அது விழும் வரை வயர் சூடேறிக்கொண்டிருக்கும். மோட்டர் உடலுக்கு மின் கசிந்தால் நிலைமை இன்னும் மோசம். கோடையில் மண் வறண்டு, நிலத்தில் புதைத்த எர்த் கம்பியின் தடை 100 ஓம் ஆனால் கசிவு 2.3 அம்பியர்தான், அந்தப் பிரேக்கர் ஒருபோதும் விழாது, தொடுபவருக்கு உயிராபத்து. ஆகையால் 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் கிணற்று மோட்டருக்கு மின் கொடுக்காதீர்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.