வேலூர் வெயிலில் மங்கிய காருக்கு முதல் தடவை பாலிஷ் போடுவது எப்படி

காலை ஒன்பது மணி வெயிலில் காரை நிறுத்திவிட்டு, பானட்டில் சூரியன் பளிச்சிடுகிற இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்த ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கோடுகள் தெரிகிறதா? கார் பழசாகி நிறம் மங்கிவிட்டது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். ஒவ்வொரு கோடும் ஒளியை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிப்பதால் பெயின்ட் வெளுத்த மாதிரி தெரிகிறது. கோடுகளை எடுத்துவிட்டால் அடியில் இருக்கிற நிறம் திரும்பக் கிடைத்துவிடும், அதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு நாள் லீவும், நிழலான ஒரு இடமும், பொறுமையும் வேண்டும்.

மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒன்று மனதில் பதிய வேண்டும். பாலிஷ் போடுகிறோம் என்று சொல்கிறோமே தவிர உண்மையில் நாம் சுரண்டி எடுக்கிறோம். இப்போதைய கார்களில் தகரத்தின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 140 மைக்ரான்தான், அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் என்பது இந்தக் கிளியர் கோட்டில் விழுந்த பள்ளம். சுற்றியிருக்கிற மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் பாலிஷ். மிதமாகப் போட்டால் ஓரிரு மைக்ரான் போகும். வெயிலைத் தாங்குகிற பொருள் இருப்பதும் இந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் என்பதால், கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில் அதை ஆசைக்குத் தேய்த்து மெலிய வைத்தால், சில வருடத்தில் ரூஃபும் பானட்டும் தோல் உரிந்த மாதிரி ஆகிவிடும். ஆகவே எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கலாம் என்பதுதான் கடைசி வரை நம் கணக்கு.

கீறலின் மேல் விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது பாலிஷில் போகாது, விட்டுவிடுங்கள். தடுக்காமல் வழுக்கினால் அது நம் வேலை. பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் என்றால் பாலிஷ் பக்கமே போகக் கூடாது, அங்கங்கே பளபளப்பாகி அசிங்கமாகிவிடும், திருத்தவும் முடியாது. பழைய அம்பாசடர் மாதிரி வண்டிகளில் கிளியர் கோட்டே இருக்காது, பாலிஷ் போட்டால் மிஷினில் மாட்டுகிற ஃபோம் பேடில் காரின் நிறம் ஒட்டும், அங்கே அது இயல்பு. ஆனால் கிளியர் கோட் உள்ள காரில் பேடில் நிறம் வந்தால் மேல் பூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த நொடியே நிறுத்துங்கள்.

மிஷின் வாங்கும்போது டிஏ (டூயல் ஆக்ஷன்) பாலிஷர் என்று கேட்டு வாங்குங்கள். பட்டறைகளில் இருக்கிற ரோட்டரி ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுவது, பழகிய கைக்கு அது அருமையான கருவி, ஆனால் புதுக் கை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டால் பெயின்ட் கருகும். டிஏ சுற்றிக்கொண்டே ஆடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. ஃபோம் பேட் நடுத்தர வகையில் நான்கு, மென்மையானது இரண்டு, ஒரு மீடியம் பாலிஷ், ஒரு ஃபினிஷிங் பாலிஷ், பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரியான கிளே பார் ஒன்று, நல்ல மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு, மாஸ்கிங் டேப். இவ்வளவு போதும். கரகரப்பான ரப்பிங் காம்பவுண்ட் முதல் தடவைக்கு வேண்டாம். டூத் பேஸ்ட், மண்ணெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதெல்லாம் எண்ணெய்ப் பசையால் கோட்டை இரண்டு நாள் மறைக்கும், இல்லையென்றால் புதுக் கோடு போடும்.

நேரமும் இடமும் நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட முக்கியம். கத்திரி வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தகரம் சூடாக இருந்தால் பாலிஷ் பூசின கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து மாவாகிப் பேடில் உருண்டு, அந்த உருண்டையே கீறும். மார்கழி, தை, மாசியில் காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடித்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டு வந்தது. போர்டிகோவுக்குள் நிறுத்துங்கள். வேப்ப மரம், புங்க மரத்தடி நிழல்தான் என்றாலும் பூவும் பிசினும் காக்கை எச்சமும் நடுவேலையில் மேலே விழும்.

சரி, கழுவுவது. பாலிஷுக்குக் காரைத் தயார் செய்யவே நிறைய நேரம் ஆகும், அதைக் குறைக்க நினைக்காதீர்கள். பெங்களூர் ஹைவேயில் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு நாள் போய் வந்தாலே காரின் மேல் படிகிற தூசியில் கல் பொடி இருக்கும், அது கிளியர் கோட்டைவிடக் கடினம். அதை உலர்ந்த துணியால் தினமும் காலையில் தட்டித் துடைக்கிறோமே, கோடுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து நிறைய ஊற்றித் தூசியை ஓட விடுங்கள். அப்புறம் இரண்டு பக்கெட், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறை துணியைக் காரில் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் ஷாம்பு பக்கெட்டுக்குள் போட வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. ஒரு வாட்டர் வாஷ் கடையில் டயரைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் என் கார் கதவைத் தேய்த்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் இதையெல்லாம் நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

நம் ஊர் போர் தண்ணீர் தனிக் கதை. குடத்திலும் கெய்சரிலும் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, காரில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்தால் வட்டமாக ஒட்டிக்கொள்ளும், வெயிலில் நாளடைவில் கிளியர் கோட்டையே அரிக்கும். புதுக் கறை என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து உடனே அலசுங்கள், பாதிக்கு மேல் போய்விடும். மீதியைப் பாலிஷ் பார்த்துக்கொள்ளும். கடைசி அலசலுக்கு நான் ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அதில் உப்பு கிடையாது, யாருடைய குடிதண்ணீரையும் எடுத்த மாதிரியும் இருக்காது.

கழுவித் துடைத்த பானட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாக இருந்தது இப்போது உப்புத்தாள் மாதிரி நெரநெரவென்று இருக்கும். பிரேக் தூள், தார், மரப் பிசின் எல்லாம் பெயின்டில் குத்தி நிற்கிறது. இதன் மேல் பாலிஷ் மிஷினை ஓட்டினால் அதுவே அரமாக வேலை செய்யும். கிளே பாரைக் கையில் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரை நன்றாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்க விடுங்கள். முதலில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும், ஐந்தாறு தேய்ப்பில் சத்தம் அடங்கிச் சறுக்கும், அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்து டேப். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, ஹெட்லைட் ஓரம் எல்லாவற்றையும் மூடுங்கள். கதவு ஓரங்கள், பானட் விளிம்பு, மட்கார்டில் ஓடுகிற அந்தக் கூர்மையான மடிப்பு, இவற்றின் மேலும் ஒட்டுங்கள். டிங்கர் பட்டறை வைத்திருக்கிற பாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பெயின்ட் அடிச்சா மேட்டுல நிக்காது, ரெண்டு பக்கமும் இறங்கிடும். ஓரத்துலதான் அது மெல்லிசு. மிஷினை அங்க கொண்டு போகாதே." நான் அதைக் கேட்டது தாமதமாக. என் கருநீலக் காரின் இடது மட்கார்டு மடிப்பில், டேப்பை உரித்துவிட்டு இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஓட்டியபோது, பேடின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. கையை எடுப்பதற்குள் கடுகளவு சாம்பல் நிறப் பிரைமர் வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் அது இருக்கிறது.

மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றி வையுங்கள். மிஷின் ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே பானட்டில் உரசும்.

இப்போது சோதனைச் சதுரம். முழுக் காரிலும் இறங்குவதற்கு முன், பானட்டிலோ டிக்கியிலோ ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப்பால் கட்டம் கட்டுங்கள். மிகவும் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். புதுப் பேட் என்றால் மேல்பரப்பு முழுக்கப் பாலிஷை லேசாகத் தடவிக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த முறைக்குப் பட்டாணி அளவில் நான்கு சொட்டுப் போதும். பேடைப் பெயின்டில் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், காற்றில் போட்டால் சுவர் வரை தெறிக்கும். ஒன்றாம் எண் வேகத்தில் கட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு, நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றி, நொடிக்கு ஒரு அங்குலம் நகர்கிற மாதிரி மெதுவாக ஓட்டுங்கள். இடமிருந்து வலம் ஒரு வரி, அடுத்த வரி முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும், முடிந்ததும் மேலிருந்து கீழாக அதே மாதிரி. இப்படி நான்கைந்து சுற்று. பேடைச் சாய்க்காமல் தட்டையாக வைத்திருங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். மிஷினில் பேட் ஒட்டுகிற வட்டத் தட்டின் (பேக்கிங் பிளேட்) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு நின்று வெறும் நடுக்கம் மட்டும் இருந்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. இந்த ஒரு கோடு எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வீடியோவும் கற்றுக்கொடுக்கவில்லை. இடையிடையே புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை பொறுக்காத சூடு என்றால் இடத்தை ஆற விடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டை வெளியே கடத்தாது, அங்கே வேகத்தைக் குறைத்து அரை மனதோடுதான் ஓட்ட வேண்டும்.

துடைத்துவிட்டுப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஆனால் அதை உடனே நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கோடுகளுக்குள் போய் மறைத்திருக்கும், இரண்டு கழுவலில் திரும்ப வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடுகள் எழுபது எண்பது சதவீதம் போயிருந்தால் அந்தச் சேர்க்கையே முழுக் காருக்கும் போதும். போகவில்லையென்றால் அதே பாலிஷுக்கு நடுத்தரப் பேட், அதிலும் போகவில்லையென்றால் மீடியம் பாலிஷ். இந்த வரிசையில்தான் ஏற வேண்டும். மீதியிருக்கிற ஆழமான கோடு ஒன்றிரண்டை நூறு சதவீதம் எடுக்கப் போய்த்தான் கிளியர் கோட்டை இழக்கிறோம்.

அப்புறம் இதையே காரைச் சுற்றிச் செய்ய வேண்டியதுதான், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துத் தூளை உதறுங்கள், இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றுங்கள். முதல் நாள் ரூஃப், பானட், டிக்கி, மறுநாள் பக்கங்கள் என்று பிரித்துக்கொண்டால் கை வலிக்காது. விபத்தில் அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த பேனல் இருந்தால் அதன் தடிமன் நமக்குத் தெரியாது, மென்மையான பேடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் பெயின்ட் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும், அன்றைக்கே வாக்ஸோ சீலன்டோ பூசிவிடுங்கள். நம் வெயிலில் வாக்ஸ் சீக்கிரம் போய்விடும் என்பதால் எனக்கு சீலன்ட்தான் பிடிக்கும். மெல்லிசாகப் பூசி, பாட்டிலில் சொல்லியிருக்கிற நேரம் விட்டு, புதுத் துணியால் துடைக்க வேண்டும். அன்று இரவு பனியோ மழையோ படாமல் உள்ளேயே நிற்கட்டும்.

வண்டியின் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி, எந்தப் பேனல், எந்தப் பேட், எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி கை அரிக்கும்போது எவ்வளவு ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்று அதுதான் சொல்லும். என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் முதல் வரி: இடது மட்கார்டு மடிப்பு, இனி மிஷின் கூடாது.