டயட் வேண்டாம், தட்டை மாற்றினால் போதும்

முதலில் தையல் டேப்பை எடுத்து, வயிற்றை எக்காமல் சுற்றளவை அளந்து பாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், எடை சரியாகவே இருந்தாலும் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம்.

அடுத்து மதியச் சாப்பாடு. நம் வீடுகளில் சோறு குவியலாகவும், பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூனும் இருக்கும், அதைத் தலைகீழாக்கி முதலில் பாதித் தட்டுக்குப் பொரியலோ கூட்டோ கீரையோ போட்டுக்கொண்டு, கால் பங்குக்கு சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோறு போடுங்கள். உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது (வருத்தம்தான்!). உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அப்பளம், ஊறுகாயும் இதில் அடக்கம்.

சரி, உடற்பயிற்சி? வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். இரவு சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறுவது குறையும். நடை மட்டும் போதாது, வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதிலிருந்தே தொடங்கலாம். மூட்டுவலியோ நெஞ்சுவலியோ இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.