பழைய பவர் ஆம்ப்ளிஃபையரை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்து வீடுகளில், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றுள் என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் தாமாகக் கெட்டவை அல்ல. ஒருமுறை கெட்டு, அவசரமாகச் சரிசெய்யப்பட்டு, அந்த வேலையாலேயே மறுபடியும் கெட்டவை.

இத்தகைய செட்டைத் திறந்ததும் எந்தப் பாகம் போயிற்று என்று தேடத் தொடங்குவதே முதல் தவறு. முன்பு கைவைத்தவர் எதையெல்லாம் மாற்றினார் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். ஈயம் வேறு பளபளப்பில் இருக்கும் இடங்கள், பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) கறை படிந்த முனைகள், ஃபியூஸின் மேல் சுற்றிய செம்புக் கம்பி, கிடைத்த இடத்தில் சேஸிஸோடு பற்றவைத்த கிரவுண்டு ஒயர் ஆகிய எல்லாவற்றையும் படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சானலாவது தொடப்படாமல் இருந்தால் அது பெரிய பேறு; சர்வீஸ் மேனுவல் கிடைக்காதபோது அந்தச் சானலே நமக்குச் சர்க்யூட் படம்.

நேராகப் பிளக்கில் சொருகிப் பார்ப்பது அடுத்த தவறு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்து, ஸ்பீக்கர் இணைக்காமல் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருகணம் பிரகாசித்து மங்கினால் தொடரலாம். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஃபில்டர் கப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க இறக்குவதும் வேண்டாம். 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் பிடித்தால் 4,700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் அமைதியாக இறங்கிவிடும்.

மிகுதியான சேதம், ஸ்பீக்கருக்கு மின்னோட்டம் தரும் அவுட்புட் டிரான்சிஸ்டரில்தான் நடக்கிறது. எந்தக் கடையிலும் கிடைப்பதால் 2என் 3055 என்ற டிரான்சிஸ்டரை எல்லாச் செட்டிலும் பொருத்திவிடுகிறார்கள். அது தாங்கும் கலெக்டர்-எமிட்டர் அழுத்தம் 60 வோல்ட் மட்டுமே. கூட்டல் 40, கழித்தல் 40 வோல்ட் சப்ளையில் இயங்கும் ஆம்ப்ளிஃபையரில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஏறக்குறைய 80 வோல்ட்டைத் தாங்க நேரும் என்பதால், மெல்லிய ஒலியில் ஒழுங்காகப் பாடிய செட், வீட்டு விசேஷத்தன்று ஒலியைக் கூட்டியதும் போய்விடும். அத்தகைய இடத்தில் என்பிஎன் டிரான்சிஸ்டருக்கு 140 வோல்ட் தாங்கும் 2என் 3773 போன்றவற்றைப் பரிசீலிக்கலாம். ஆனால் மூல டிரான்சிஸ்டரின் வேகத்தையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அவுட்புட் மட்டும் போயிருக்கும் என்று நம்பி, அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் அளக்காமல் விட்டால், புதிதாகப் போட்டதும் முதல் நிமிடத்திலேயே போகும். இந்த டிரான்சிஸ்டர்களின் உலோக உடலே கலெக்டர் என்பதை மறந்து, அதை ஹீட் சிங்கிலிருந்து (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) மின்சாரம் கடத்தாமல் பிரிக்கும் மைக்கா தாளைக் கிழிந்த நிலையிலேயே மறுபடியும் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பயாஸ் விஷயத்தில், அதாவது ஒலி இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அமைப்பதில், பொறுமை வேண்டும். ஹீட் சிங்கைத் தொட்டபடி இருக்க வேண்டிய சிறு டிரான்சிஸ்டரையோ டையோடையோ பலர் கழற்றிவிட்டு, அந்தரத்தில் தொங்கவிட்டு மூடிவிடுகிறார்கள். சூட்டை அது உணராததால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வெந்துவிடும். பயாஸை அமைக்கும் சிறு திருகான பிரீசெட்டைக் காதால் கேட்டுத் திருப்பக்கூடாது. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 10 மில்லிவோல்ட் இருந்தால் 45 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். மேனுவல் சொல்லும் அளவுக்கு, செட் நன்கு சூடான பின், சீரிஸ் பல்பை நீக்கிய நிலையில் வைக்க வேண்டும்.

நம் கரையில் உப்பு தனிச் சிக்கல். வாடைக் காற்று வீசும் மாதங்களில் போர்டின் மேல் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து, தடங்களுக்கிடையே கசிவை உண்டாக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடைப்பது போதாது. உப்பு அதில் சரியாகக் கரையாது. டிரான்ஸ்ஃபார்மரையும் ரிலேயையும் நனைக்காமல், காய்ச்சி வடித்த நீர் தொட்ட தூரிகையால் முதலில் தேய்த்தெடுத்து, பிறகு ஆல்கஹாலால் நீரை அகற்ற வேண்டும். காய்வதற்குக் கடல்காற்று படும் திண்ணையில் வைத்தால் உப்பு திரும்பி வந்துவிடும். கனெக்டர்களை உப்புத்தாளால் தேய்ப்பது மேல்பூச்சை நீக்கி, உள்ளிருக்கும் செம்பை அரிப்புக்குக் கொடுப்பதாகும்.

வீட்டு மின்னழுத்தத்துக்கேற்பச் செட்டை மாற்றி வைக்கும் வோல்டேஜ் செலக்டரையும் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட்டுக்கானது. 220-இல் வைத்த செட்டுக்கு 240 வோல்ட் வந்தால், 45 வோல்ட் சப்ளை 49-ஐ நெருங்கும். 50 வோல்ட் கப்பாசிட்டருக்கு அது விளிம்பு. டிரான்ஸ்ஃபார்மரை யாரேனும் மறுசுற்று சுற்றியிருந்தால் இந்த அளவீடு இன்னும் முக்கியம். ஹம் எனும் ரீங்கார இரைச்சலைக் குறைக்க 4,700-க்குப் பதில் 22,000 மைக்ரோஃபாரட் போடுவதும் சரியல்ல; ஆன் செய்யும்போது பாயும் மின்னோட்டத்தை ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடு தாங்க வேண்டியிருக்கும்.

ஒலி வந்ததும் மகிழ்ச்சியில் ஸ்பீக்கரை இணைத்துவிடக்கூடாது. வெளியீட்டு முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து, ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்கும் 8 ஓம் ரெசிஸ்டரில் (டம்மி லோடு) ஒரு மணி நேரம் ஓட்டி, மூடியை மூடிய நிலையில் சூடேறிய பின் பயாஸையும் டிசியையும் மறுபடியும் அளந்த பிறகே ஸ்பீக்கர் ஒயரைச் சொருக வேண்டும்.