உறுமலுக்கு அடிக்காதீர்கள்: குழந்தை இருக்கும் வீட்டில் நாய் வளர்ப்போர் செய்யும் தவறுகள்

மார்கழிக் கடைசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தன் நாயை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நாய்க்கு வயது ஒன்றேகால். ஓநாய்க் கலப்பு என்று சொல்லிப் பெரிய தொகைக்கு விற்றிருக்கிறார்கள். வீட்டில் மூன்று வயதில் ஒரு மகன்.

"ஆரம்பத்தில் தட்டருகே போனாலே உறுமும், அண்ணே. மூக்கிலேயே நான்கு போட்டேன். இப்போது வாயே திறப்பதில்லை. பையன் முதுகில் ஏறி உட்கார்ந்தால்கூடச் சும்மா இருக்கிறது" என்றார்.

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே சொற்களை, இதே பெருமையோடு, திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தடுப்பூசி போடுங்கள், குட்டி போட்ட நாயிடம் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஓநாய் என்று சொன்னால் நம்புவது

எங்கள் தஞ்சைப் பக்கத்துக் காவிரிக் கரையில் ஓநாய் கிடையாது. இரவில் வயல் பக்கம் ஊளையிடுவது நரி. இந்திய ஓநாய் வறண்ட புல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழ்வது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அந்த இளைஞர் கொண்டுவந்த நாயைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, அது ஹஸ்கியும் ஜெர்மன் ஷெப்பர்டும் கலந்தது.

உண்மையான ஓநாய்க் கலப்பு நாய்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. நெதர்லாந்தில் லீண்டர்ட் சார்லூஸ் என்பவர் 1930களில் ஜெர்மன் ஷெப்பர்டையும் ஓநாயையும் இணைத்தார். செக்கோஸ்லோவாக்கியாவில் எல்லைக் காவல் படையினர் 1955இல் கார்ப்பாத்திய மலை ஓநாயைக் கொண்டு அதே முயற்சியைத் தொடங்கினார்கள். சார்லூஸ் உழைப்புக்கேற்ற திடமான நாயை எதிர்பார்த்தார். கிடைத்தது கூச்சமும் எச்சரிக்கையும் மிகுந்த நாய். நம் ஊரில் ஓநாய் ரத்தம் என்றால் வீட்டைக் காக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஓநாய் மனிதரைக் கண்டால் விலகிப் போகும் பிராணி. அந்த ரத்தம் கூடக் கூட நாயிடம் கூடுவது ஒதுங்கும் குணம்தான். ஒதுங்க இடம் இல்லாதபோதுதான் அது பல்லைக் காட்டும். அதோடு, அந்தக் கலப்பு முழு வளர்ச்சி அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு வயதில் பார்த்த குணம் மூன்று வயதிலும் இருக்கும் என்று எண்ணிக் குழந்தையைப் பக்கத்தில் விட முடியாது. அலறிக்கொண்டு ஓடும் சிறு குழந்தை அதன் கண்ணுக்கு இரைபோலத் தோன்றும் அபாயமும் உண்டு.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஓநாய்க் கலப்பும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டம் எப்படிப் போனாலும் என் கருத்து ஒன்றுதான். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த ரத்தம் வேண்டாம்.

ரேழியில் கட்டிப்போடுவது

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையைத் தாண்டினால் ரேழி, அதைத் தாண்டினால் முற்றம். வீட்டில் யார் எங்கே போவதானாலும் ரேழி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஜன்னல் கம்பியில் இரண்டு முழச் சங்கிலி போட்டு நாயைக் கட்டுகிறார்கள். வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கட்டும் என்பது எண்ணம். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பேரக் குழந்தைகள் வந்து இறங்கினால் அந்த ரேழியில் நாளுக்கு நூறு தடவை ஓடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நாயின் மூக்கருகே ஒரு குழந்தையின் கால். சங்கிலியில் இருக்கும் நாயால் விலகிப் போக முடியாது. அதற்கு மிஞ்சியிருப்பது வாய் ஒன்றுதான்.

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வருவார்கள். கிடையில் நாய்களும் இருக்கும், தவழும் குழந்தைகளும் இருக்கும். பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். நாய் தின்னும்போதோ படுத்திருக்கும்போதோ எந்தக் குழந்தையும் அருகே போவதில்லை. போனால் தாய் ஓர் அதட்டல் போடுவாள், நாயை அல்ல, குழந்தையை. நாயைக் கட்டிப்போடுவதும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் எழுந்து வரப்பைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வீட்டிலும் நாய்க்கு அப்படி ஒரு வரப்பு வேண்டும். கொல்லையில் நிழலான ஒரு மூலை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் குழந்தைகள் போகக் கூடாது, மாமன் மகனானாலும் சரி, அத்தை மகளானாலும் சரி.

உறுமலுக்கு அடிப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என்னிடம் வீரன் என்று ஒரு நாய் இருந்தது. அல்சேஷன் கலப்பு. பத்து மாதத்தில் சோற்றுத் தட்டருகே யார் போனாலும் தொண்டைக்குள்ளேயே உறுமத் தொடங்கியது. நாய் வளர்த்துப் பழகிய பெரியவர் ஒருவர், "இப்போதே அடக்கிவிடு, இல்லையென்றால் தலைக்கு மேல் போய்விடும்" என்றார். தட்டில் கையை விடுவேன். உறுமினால் பிரம்பால் மூக்கில் ஒன்று. மூன்று வாரம். உறுமல் நின்றுவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் தட்டில் கைவிட்டுக் காட்டினேன். என் நாயைப் போலச் சாது இந்தத் தெருவில் இல்லை என்றேன்.

1999ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று வீடு நிறைய ஆட்கள். கொல்லையில் வீரனுக்கு ஆட்டெலும்பு வைத்திருந்தோம். என் தங்கை மகள், நான்கு வயது, அதன் எதிரே குந்தி உட்கார்ந்து எலும்பைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வீரன் கடிப்பதை நிறுத்தியது. வாய் எலும்பின் மேல் அப்படியே நின்றது. உடம்பு கட்டைபோல ஆனது. கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோலத் தெரிந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. எவ்வளவு பொறுமை என்றுதான் நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் அவள் கன்னத்தைக் கவ்வியது. கண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை.

"மாமா, அது சொல்லவே இல்லை" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். அது சொல்லாததற்குக் காரணம் நான். சொன்னபோதெல்லாம் அடித்தேன்.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எழுந்து போகப் பார்க்கும். உடம்பு விறைக்கும். அதற்கும் கேட்காவிட்டால் உறுமும், பிறகு காற்றில் ஒரு கவ்வல், கடைசியில்தான் கடி. குளத்துப் படித்துறைபோல ஒவ்வொரு படியாக இறங்கித்தான் ஆழத்துக்குப் போகிறது. உறுமலுக்கு அடிக்கும்போது நடுவிலிருக்கும் படிகளைப் பெயர்த்து எடுத்துவிடுகிறோம். நாயின் பயமோ கோபமோ ஒரு துளியும் குறையவில்லை. மாறாக, குழந்தை அருகே வந்தால் அடியும் விழும் என்று அது கற்றுக்கொள்கிறது. குழந்தையின் மேல் இருந்த சலிப்பு வெறுப்பாகவே மாறுகிறது.

அன்று எல்லோரும் வீரனைக் கொன்றுவிடச் சொன்னார்கள். பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்தோம், நோய் இல்லை. அதன் பிறகு தென்னந்தோப்பில் வேலி போட்டு, இறக்கும்வரை அங்கேயே வைத்திருந்தேன். தங்கை மகளின் கன்னத்தில் அந்த வடு இன்றும் இருக்கிறது. அவளுக்கே இப்போது குழந்தைகள் உண்டு. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாய் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் வாசற்படி ஏறுவாள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூக்கில் அடித்து அடக்கினேன் என்று வாரம் ஒருவராவது வந்து சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது, பிறகு வீரன் நினைவுக்கு வருகிறது.

நாய் உறுமினால் அப்படியே நில்லுங்கள். கத்தாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். நாயைத் திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். எதற்காக உறுமியது என்று பிறகு உட்கார்ந்து யோசியுங்கள். தட்டா, எலும்பா, படுத்த இடமா, காதைத் தொட்டதா? தட்டுக்காக என்றால், பெரியவர் ஒருவர் தினமும் தள்ளி நின்று, அதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நகர வேண்டும். நாளாக நாளாக ஓரடி நெருங்கலாம். மனிதர் வந்தால் சோறு போகாது, கூடுதலாக வரும் என்று நாய்க்குப் புரிய வாரங்கள் ஆகும். வாயில் இருப்பதை வாங்க வேண்டுமானால் வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சி எதிலும் குழந்தைக்கு வேலை இல்லை.

மன்னார்குடி இளைஞரிடம் பிரம்பை முறித்துப் போடச் சொன்னேன். மகனுக்கும் நாய்க்கும் நடுவே தட்டி கட்டச் சொன்னேன். தை பிறந்து மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்தார். "நேற்று மறுபடியும் உறுமியது, அண்ணே" என்றார், குரல் தாழ்ந்து. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அடிக்கவில்லையே என்று கேட்டேன். அடிக்கவில்லை என்றார்.

குழந்தையை நாயிடம் அனுப்புவது

"போ, தடவிக்கொடு, ஒன்றும் செய்யாது" என்று குழந்தையை முன்னால் தள்ளுகிறார்கள். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. கழுத்தைக் கட்டிக்கொள்வது குழந்தைக்கு அன்பு, நாய்க்குப் பிடித்து அழுத்துவது. நாய் தானாகக் குழந்தையிடம் வர வேண்டும். வந்தால் மூன்று எண்ணும்வரை தோளிலோ மார்பிலோ தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே நெருங்கும். நெருங்கவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தெரியாத நாய் பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது, பழக்கிவைக்க வேண்டும். மரமாக நில், கையை உடம்போடு சேர்த்துக்கொள், கண் தரையைப் பார்க்கட்டும். கீழே விழுந்துவிட்டால் வயல் நத்தைபோலச் சுருண்டுகொள், இரண்டு கையாலும் காதையும் கழுத்தையும் மூடிக்கொள். விளையாட்டாக வாரம் ஒருமுறை செய்ய வைத்தால் குழந்தைகள் மறப்பதில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்புவது

கடிக்கும்.

வாலாட்டினால் மகிழ்ச்சி என்று எண்ணுவது

உடம்பு முழுவதும் தளர்ந்து குழைந்து ஆடினால் மகிழ்ச்சி. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நிமிர்ந்து படபடவென்று ஆடினால் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில்தானே இருக்கிறேன் என்பது

கையில் கைபேசி இருந்தால் நீங்கள் பக்கத்தில் இல்லை.

வலியை விட்டுவிடுவது

நம் சித்திரை வெயிலையும் கடைமடையின் ஈரக் காற்றையும் பனிநாட்டு நாயின் இரட்டை மயிருக்குள் நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும் நாய்க்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறொரு தொல்லை. தொங்கு காது நாய்களுக்குக் காதுக்குள் சீழ் வைத்துவிடும். தலையை உதறும், காலால் பிறாண்டும். அந்தக் காதைத்தான் குழந்தை பிடித்து இழுக்கும். இதுவரை கடிக்காத நாய் கடித்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தால் முதலில் காதை முகர்ந்து பார்ப்பேன். பிறகு விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா, பல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பலமுறை காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைப்பது

சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், மஞ்சள், எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். குழந்தை கதறும், அப்போதும் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் வண்டி எடுப்பது. வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் போக வேண்டும். ரத்தம் வந்த காயமானால் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தையும் மருத்துவரிடம் கேளுங்கள். அவசரப்பட்டுத் தையல் போடச் சொல்லாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களில் பலர் வீட்டில் சொல்லவே மாட்டார்கள். நாயைச் சீண்டினாயா என்று அடி விழும் என்ற பயம். கடித்தாலோ கீறினாலோ சொன்னால் திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே குழந்தையிடம் சொல்லிவையுங்கள், சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாள் 0. அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் அடுத்தவை. காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசிக்குப் போகாமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஊசி போட்டு வீட்டுக்கு வந்தவுடனே நாட்காட்டியில் அந்த மூன்று நாட்களையும் வட்டமிட்டுவிடுங்கள்.