தையல் வேலையில் மனசு ஒட்ட

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். உங்களுக்கும் வேலை வெறும் எண்ணிக்கையாகத் தெரிகிறதா? முதலில், கையை விட்டுப் போன பொருள் அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். நான் ஒரு நாள், மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சில் ஏற்றி இழுக்கும் பகுதிக்குப் போனேன். குதிகால் பக்கம் நான் தளர்வாக விட்ட தையல், இழுத்ததும் வாய் பிளந்தது. யாரோ ஒருவருடைய கால் நாள் முழுக்க அதற்குள் இருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

அதிலிருந்து பத்து ஜோடிக்கு ஒன்றை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்க்கிறேன். முடிச்சு நெருடினால் நறுக்கிவிடுவேன். அரை நிமிஷம்கூட ஆகாது.

அப்புறம், புதிதாக வந்த பிள்ளைக்கு ஒன்றாவது சொல்லிக்கொடுங்கள். “தோல் ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் அவ்வளவா இழுபடாது. தொட்டுப் பாத்துட்டுத் தைம்மா” என்றேன். மறுநாள் அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம்தானேக்கா?” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.