நீர்க்கசிவு ஆய்வுக்கு ஆள் வரும் நாள்: வீட்டுக்காரர் தெரிந்திருக்க வேண்டிய நடைமுறை

மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையில் ஈரவட்டம் தோன்றி, பூச்சு உதிர்ந்து, உப்புப் பூக்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் கசிவு கவனத்துக்கு வருகிறது. அவசரத்தில் ஒருவரை அழைத்து, டைல்ஸை உடைத்து, மறுபடி ஒட்டிவிட்டு, சில மாதங்களில் அதே இடத்தில் அதே ஈரத்தைப் பார்ப்பவர்கள் ஏராளம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சோதனையால் நிறுவுவது ஒரு வேலை. அதைச் சரிசெய்வது வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பதே வீண்செலவுக்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. சென்னை போன்ற நகரங்களில் சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மேல்நிலைத் தொட்டியும் உள்ள வீடுகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் மனத்தில் கொண்டு, அந்த முதல் வேலை எப்படி நடக்கும் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: ஈரத்தின் நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஆய்வுக்கு வருபவரின் கையில் இருக்கும் எந்தக் கருவியையும்விட, நீங்கள் ஒரு வாரம் எழுதி வைக்கும் குறிப்பு அதிகப் பயன் தரக்கூடும். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, தேதியை அருகில் எழுதி, தினமும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால், எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயின் மீது சந்தேகம் விழும். யாராவது குளித்த பிறகு மட்டும் அதிகரித்தால் கழிவுநீர்க் குழாயோ, குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சோ காரணமாக இருக்கலாம். மழைக்குப் பின்னர் மட்டும் தோன்றினால் மொட்டைமாடி, வெளிச்சுவர் வெடிப்பு, சன்ஷேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏசி ஓடும் மாதங்களில் மட்டும் ஈரம் இருந்தால், ஏசியின் வடிகுழாயை முதலில் பார்ப்பது நல்லது. மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்த நாட்களில் ஈரம் காய்ந்ததா இல்லையா என்பது மிக முக்கியமான தகவல் என்பதால், அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வருகைக்கு முன் வீட்டைத் தயார் செய்யுங்கள்

மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத குழாயில் எந்தச் சோதனையும் நடக்காது. எந்த வால்வு எந்தக் குளியலறைக்குப் போகிறது என்பதை முன்கூட்டியே திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பழைய கேட் வால்வுகள் பல முழுமையாக மூடுவதில்லை. மேல்வீட்டாரிடம் நேரில் பேசி, அவர்கள் வீட்டுக் குளியலறையைச் சில மணி நேரமாவது பயன்படுத்தாமல் விட்டுத்தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். "உங்கள் வீட்டால்தான் ஒழுகுகிறது" என்று தொடங்காமல், "காரணம் தெரியவில்லை, இரண்டு வீட்டிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம், கொஞ்சம் ஒத்துழையுங்கள்" என்று கேட்டால் கதவு எளிதாகத் திறக்கும்; அந்தக் கட்டத்தில் உண்மையும் அதுதான்.

ஈரமான சுவருக்குப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டு ஆய்வுக்கு அழைக்க வேண்டாம். ஈரம் சுவிட்ச் போர்டையோ விளக்குப் புள்ளியையோ எட்டியிருந்தால், அந்த மின்சுற்றின் எம்சிபியை (மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) உடனே அணைத்துவிட்டு, ஆய்வாளர் வருவதற்காகக் காத்திராமல் மின்பணியாளரை அழையுங்கள்.

படி 3: முதல் அரைமணி நேரம் கேள்விகளில் கழியும்

நல்ல ஆய்வாளர் வந்தவுடன் சுத்தியலைத் தேடமாட்டார். கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, குழாய்கள் ஜிஐயா (துத்தநாகம் பூசிய இரும்பு) சிபிவிசியா (பிளாஸ்டிக்), கடைசியாக எங்கே வேலை நடந்தது, புதிதாகக் கீசரோ வாஷிங் மெஷினோ பொருத்தப்பட்டதா என்று கேட்பார். பிறகு ஈரத்துக்கு மேலும் பக்கங்களிலும் உள்ள எல்லா நீர்ப் புள்ளிகளையும் சுற்றிப் பார்ப்பார். தண்ணீர் சிலாப்பின் மேல் ஓடி, வெடிப்பு கிடைத்த இடத்தில்தான் கீழே இறங்கும். ஆகவே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று கொள்ள முடியாது. வந்த பத்தாவது நிமிடத்திலேயே முழுக் குளியலறையையும் பெயர்த்தெடுக்கச் சொல்பவரிடம், எந்தச் சோதனையின் அடிப்படையில் அப்படிச் சொல்கிறார் என்று மரியாதையாகவும் தெளிவாகவும் கேளுங்கள்.

படி 4: கருவிகள் என்ன சொல்லும், என்ன சொல்லாது

ஈரமானி சுவரின் ஈரத்தை எண்ணாகக் காட்டும். ஆனால் பூச்சிலும் கான்கிரீட்டிலும் அந்த எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உப்புப் பூத்த சுவரில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். காய்ந்த சுவரில் ஓர் அளவும் ஈரமான இடத்தில் பல அளவுகளும் எடுத்து, ஈரம் எந்தத் திசையில் கூடிக்கொண்டே போகிறது என்று பார்ப்பதே சரியான பயன்பாடு.

வெப்பக் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது மேற்பரப்பின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே படமாக்குகிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருப்பதால் அங்கே நிறம் மாறித் தெரிகிறது. கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் கசிவு என்றால் படம் தெளிவாக வரும். பளபளப்பான டைல்ஸ் மீது எதிரொளிப்பு விழுந்து ஏமாற்றுவதும் உண்டு. ஒலிக்கருவி, அழுத்தத்தில் தண்ணீர் பீறிடும் ஓசையைக் காதுக்குக் கொண்டுவரும். உலோகக் குழாயில் அந்த ஓசை தொலைவு வரை பரவும், பிளாஸ்டிக் குழாயில் விரைவில் அடங்கிவிடும். இவை எல்லாம் சந்தேகத்தின் வட்டத்தைச் சுருக்க உதவும். உறுதிப்படுத்துவது அடுத்த படியில்தான்.

படி 5: சோதனைகள் – ஆய்வின் உயிர்நாடி

அழுத்தச் சோதனை முதலில் நடக்க வேண்டும். சந்தேகப்படும் குளியலறையின் வால்வை மூடி, ஒரு குழாய்முனையைக் கழற்றி, அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை அங்கே இணைத்து, மற்ற முனைகளை அடைத்துவிட்டு அழுத்தத்தை ஏற்றுவார்கள். முள் அசையாமல் நின்றால், சோதித்த அளவுக்கு அந்தக் குழாய்வழி குற்றமற்றது. மெல்ல இறங்கினால் எங்கோ தண்ணீர் போகிறது. இறங்கிய உடனே சுவரைக் குற்றம் சாட்டிவிடக் கூடாது, ஏனெனில் முழுமையாக மூடாத வால்வும், குழாயில் தங்கிய காற்றும் முள்ளை இறக்கும். அவற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். தண்ணீரின் உயரம் 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்ற கணக்கில் அழுத்தம் தருகிறது. தொட்டியிலிருந்து 5 மீட்டர் கீழே உள்ள குழாய் நாள்தோறும் அரைக் கிலோ அழுத்தத்தையே தாங்குகிறது என்பதால், பழைய ஜிஐ குழாய்களில் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொல்லுங்கள். வெந்நீர், குளிர்நீர் வழிகளைத் தனித்தனியாகச் சோதிப்பதும், இரண்டும் கலக்கும் டைவர்ட்டர் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அழுத்தம் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

குழாய்கள் தேறிவிட்டால் அடுத்தது கழிவுநீர் வழி. நஹானி டிராப்பில் (குளியலறைத் தரையின் வடிதுளை) ஒரு நிறமும், கழிப்பறையில் வேறொரு நிறமும் கலந்த நீரை ஊற்றிவிட்டு, கீழ்வீட்டில் எந்த நிறம் வெளிப்படுகிறது என்று காத்திருப்பார்கள். நிறம் வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். மேலும், குளியலறைத் தாழ்தளத்தில் (குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திக் கட்டிய தளம்) நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியும் மணலும் நிறத்தை உறிஞ்சிவிடக்கூடும் என்பதால், நிறம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அந்த வழியை விடுவித்துவிட முடியாது.

மூன்றாவதாக, வடிதுளையை அடைத்துத் தரையில் இரண்டு, மூன்று செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் விட்டுவைக்கும் சோதனை. இதற்கு ஆய்வாளர் மறுநாளும் வர வேண்டியிருக்கும். மேல்வீட்டாருக்கும் இதுதான் அதிகத் தொந்தரவு. ஆனாலும் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டிருக்கிறதா என்பதை இதைப்போல் நேரடியாகக் காட்டும் சோதனை வேறில்லை. மூன்று சோதனைகளையும் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்தால் எது ஈரத்தைக் கொண்டுவந்தது என்பது தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் இடையே கூரை சற்றுக் காய அவகாசம் கொடுங்கள்.

படி 6: சம்ப்பையும் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள்

சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால், தண்ணீர் வீணாவதைக் கட்டணம் காட்டிக்கொடுக்காது. மோட்டார் வழக்கத்தைவிட அடிக்கடி ஓடுவதே முதல் அறிகுறி. இரவில் உள்வரும் வழியையும் வெளியேறும் வழியையும் மூடி, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, காலையில் பாருங்கள். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள சம்ப்பில் மட்டம் 1 செ.மீ. குறைந்தால் 60 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதற்கு நேர்மாறாக மட்டம் ஏறினால் அது இன்னும் கவலைக்குரியது: உயர்ந்த நிலத்தடி நீர் வெடிப்பின் வழியே உள்ளே வருகிறது, அருகில் கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அதுவும் கலக்கக்கூடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிடுங்கள்.

படி 7: எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

எந்தெந்தச் சோதனை செய்யப்பட்டது, அழுத்தம் எவ்வளவில் தொடங்கி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது, எந்த வழி விடுவிக்கப்பட்டது, எந்த இடத்தை மட்டும் உடைக்க வேண்டும் என்பவை படங்களுடன் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டணம் தனி, பழுதுபார்ப்புக் கட்டணம் தனி என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் உள்ள குழாய் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு, பொதுக் குழாய் சங்கத்தின் பொறுப்பு என்பதே அடுக்குமாடிகளின் பொது வழக்கமாக இருப்பதால், இரு தரப்பையும் சமாதானப்படுத்தக்கூடியது இந்த அறிக்கை ஒன்றே.

புதிய வீடாக இருந்தால் எதையும் உடைக்கும் முன் நில்லுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அறிக்கையை இணைத்துக் கட்டுநருக்கு எழுத்துமூலம் தெரிவித்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

பழுது சரிசெய்யப்பட்டதும், டைல்ஸ் ஒட்டி மூடுவதற்கு முன்னரே, கசிவைக் காட்டிய அதே சோதனையை மறுபடி செய்யச் சொல்லி, முடிவை நேரில் பார்த்த பின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். கூரையும் சுவரும் காயப் பல வாரங்கள் ஆகும். அதுவரை முன்பு குறித்த அதே புள்ளிகளில் ஈரமானியால் அளந்துவந்து, அளவு தொடர்ந்து இறங்கி, காய்ந்த சுவரின் அளவை எட்டிய பிறகு பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கலாம்.